கணவாயும் மலைச்சாலையும்: சிறு கார்களின் எரிபொருள் செலவு

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டிற்குக் காரில் செல்பவர் எந்த மலையையும் ஏறுவதில்லை. இறங்குவதாகவும் அவருக்குத் தோன்றுவதில்லை. சாலை சமதளமாகவே கண்ணுக்குப் படுகிறது. எனினும் கோயம்புத்தூர் கடல் மட்டத்திற்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. பாலக்காடு நகரமோ 100 மீட்டருக்கும் கீழே அமைந்துள்ளது. சுமார் 50 கிலோமீட்டர் பயணத்தில் கார் 300 மீட்டருக்கும் அதிகமாக இறங்கிவிடுகிறது. திரும்பி வரும்பொழுது அதே உயரத்தை ஏறியாக வேண்டும். "போகும்போது நல்ல மைலேஜ் கொடுத்த வண்டி வரும்போது கொடுக்கவில்லையே" என்று வாடகைக் கார் ஓட்டுநர்கள் வியப்பதற்குக் காரணங்களில் ஒன்று இந்தக் கண்ணுக்குத் தெரியாத சரிவேயாகும்.

இதே எல்லைக்கோட்டில் தெற்கே சென்றால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி மாவட்டத்திற்குள் நுழையும் போடிமெட்டுச் சாலை, 25 கிலோமீட்டர் அளவில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது; 17 கொண்டை ஊசி வளைவுகள் அதில் உள்ளன. கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் செல்லும் சாலைகளும், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்குச் செல்லும் சாலையும் இத்தகையனவே. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. மூணாற்றுப் பகுதியில் ஒருகாலத்தில் இயங்கிய குண்டளைப் பள்ளத்தாக்குச் சிற்றிருப்புப்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை இரயில் 2023இல் வந்துசேர்ந்தபோதிலும், அங்கிருந்து மேலே செல்ல ஏல வியாபாரியும், ஆசிரியரும், நோயாளியும், தோட்டத் தொழிலாளியும் பெட்ரோலையோ டீசலையோ எரித்தே ஆக வேண்டும். ஆகவே, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது இப்பகுதி மக்களுக்கு வெறும் விளம்பர எண் அன்று. மாத வருவாயில் ஒரு கூறு.

இவ்விரு சாலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சிறு காரின் எரிபொருள் செலவை நிர்ணயிக்கும் காரணங்கள் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

காரை எதிர்க்கும் விசைகள்

ஓடும் காரை மூன்று விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. முதலாவது, டயர் சாலையில் உருளும்பொழுது நசுங்கி நிமிர்வதால் ஏற்படும் உருளல் தடை. இது காரின் எடையைப் பொறுத்தது. வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. இரண்டாவது, காற்றுத் தடை. இது எடையைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மூன்றாவது, சரிவு. ஏற்றத்தில் அது எதிரி, இறக்கத்தில் துணை. இவற்றுடன், வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் காரின் எடைக்கேற்ற ஆற்றலைச் செலவிட வேண்டும். பிரேக்கை மிதிக்கும்பொழுது அந்த ஆற்றல் வெப்பமாக மாறி வீணாகிறது.

எடுத்துக்காட்டாக, பயணிகளுடன் சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். அதன் உருளல் தடை ஏறத்தாழ 105 நியூட்டன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை 115 நியூட்டன் அளவில் இருக்கும். அதாவது, இரண்டும் அநேகமாகச் சமம். வேகத்தை 90 கி.மீ.க்கு உயர்த்தினால் காற்றுத் தடை மட்டும் 260 நியூட்டனுக்கு ஏறிவிடுகிறது. மொத்த எதிர்ப்பு 220இலிருந்து 365 நியூட்டனாகிறது. வாளையாற்றிலிருந்து வடக்கஞ்சேரி வரை நான்கு வழிச்சாலையில் விரைந்து செல்பவர், சேமித்த ஒவ்வொரு நிமிடத்திற்கும் பெட்ரோலில் விலை கொடுக்கிறார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சிக்கனமான வேகம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வரை என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகக் கூறிவருவதன் அடிப்படையும் இதுவே. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எழுந்த சிக்கன முயற்சிகளின் தொடர்ச்சியாக 1978இல் அமைக்கப்பட்டது அச்சங்கம்.

ஆனால் எரிபொருளில் உள்ள ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. அதில் நாலில் ஒரு பங்கு பயனுள்ள வேலையாக மாறினால் அது நல்ல எஞ்சின். எஞ்சிய பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. மேலும், பெட்ரோல் எஞ்சின் இலேசான வேலையைச் செய்யும்பொழுது அதன் திறன் இன்னும் தாழ்கிறது. காற்று புகும் வழியை ஓரளவு மூடிவைத்தே அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். அவ்வாறு மூடிய வழியாகக் காற்றை இழுப்பதற்கே ஆற்றலின் ஒரு பகுதி செலவாகிறது. சிறிய எஞ்சின் சிக்கனமாக இருப்பதற்கும், இயன்ற அளவு உயர்ந்த கியரில் செல்ல வேண்டும் என்று கூறப்படுவதற்கும் காரணம் இதுவே. உயர்ந்த கியரில் எஞ்சின் மெதுவாகச் சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் நிறைந்த வேலையைச் செய்கிறது.

கணவாயில் காற்றும் சரிவும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு விட்ட ஒரு வாயிலே பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கிழக்கு நோக்கிப் பாய்கிறது; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. கஞ்சிக்கோட்டிலும், தமிழகப் பக்கம் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களிலும் காற்றாலைகள் எழுந்ததற்கு இக்காற்றே காரணம். காற்றாலையைச் சுழற்றும் காற்று காரையும் சும்மா விடுவதில்லை.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் எதிரே 20 கி.மீ. வேகக் காற்று வீசினால், காரைப் பொறுத்தவரை அது 80 கி.மீ. காற்று. தடை 115 நியூட்டனிலிருந்து 205க்கு மேல் உயர்கிறது. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் தடை 50 நியூட்டன் அளவிற்கு இறங்குகிறது. போகும்பொழுது இழந்ததை வரும்பொழுது பெற்றுவிடலாம் என்று எண்ணுவது சரியன்று. இழப்பு 90 நியூட்டன். ஆதாயமோ 65 மட்டுமே. காற்றுள்ள நாளில் இரு வழியும் சேர்த்துப் பார்த்தால் செலவு கூடியே தீரும்.

கணவாயின் சரிவு நூற்றுக்கு முக்கால் பங்கிற்கும் குறைவு. அதன் விசை நமது காருக்கு 57 நியூட்டன் அளவே. இதையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுவையான முடிவு ஒன்று கிடைக்கிறது. பருவமழைக் காலத்தில் பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வரும்பொழுது சரிவு எதிர்க்கிறது, காற்று உதவுகிறது. மொத்த எதிர்ப்பு சுமார் 215 நியூட்டன். மறுதிசையில் சரிவு உதவுகிறது, காற்று எதிர்க்கிறது, மொத்தம் 255. பெரிய வேறுபாடு இல்லை. மார்கழி, தை மாதங்களில் அப்படியன்று. கோவையிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும்பொழுது சரிவும் காற்றும் சேர்ந்தே தள்ளுகின்றன. எதிர்ப்பு 100 நியூட்டன் மட்டுமே. திரும்பும்பொழுது இரண்டும் சேர்ந்தே தடுக்கின்றன, எதிர்ப்பு 370. ஒன்று மற்றதைப்போல் மூன்றரை மடங்கு! இலேசான வேலையில் எஞ்சினின் திறன் தாழ்வதால் பெட்ரோல் செலவு அதே விகிதத்தில் வேறுபடாது என்பது உண்மை. எனினும் ஒரே சாலையில், ஒரே காரில், ஒரே நாளில் காலையும் மாலையும் கிடைக்கும் கணக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதை இது விளக்கும். பணிமனைக்குச் சென்று எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் காற்றாலை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

கணவாய்ச் சரிவின் மற்றொரு பண்பும் குறிப்பிடத்தக்கது. 900 கிலோ எடையை 320 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றல் 2.8 மெகாஜூல், பெட்ரோல் அளவில் மூன்றில் ஒரு லிட்டர். ஏறும்பொழுது வாங்கிக்கொண்ட இத்தொகையை இறங்கும்பொழுது கணவாய் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சரிவு மிக மென்மையாக இருப்பதால் இறக்கத்தில் பிரேக்கைத் தொட வேண்டிய அவசியம் எழுவதில்லை. எஞ்சினின் வேலைதான் குறைகிறது.

போடிமெட்டில் நடப்பது வேறு

போடிமெட்டுச் சாலையின் சராசரிச் சரிவு நூற்றுக்கு நான்கு. முந்தல் வரை சாலை ஏறத்தாழச் சமமாகச் செல்வதால் மலைப்பகுதியில் உண்மைச் சரிவு இதனினும் அதிகம். சராசரியையே கொண்டாலும் சரிவின் விசை 350 நியூட்டன். 60 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடையும் உருளல் தடையும் சேர்ந்த தொகையைவிட இது பெரிது. 1,000 மீட்டர் உயரத்திற்கு 8.8 மெகாஜூல் வேண்டும். எஞ்சின் நன்றாக வேலைசெய்தாலும் உயரத்திற்கு மட்டும் 1.1 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. சமவெளியில் லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார் 25 கி.மீ. தூரத்திற்குச் செலவிடுவது 1.4 லிட்டர்தான் என்பதை நினைத்தால், ஏற்றத்தில் மைலேஜ் பத்துப் பன்னிரண்டாகச் சரிவது பழுதின் அறிகுறி அன்று என்பது புலனாகும்.

ஏற்றத்தில் எடையே முதன்மையானது. சமவெளியில் நான்கு பேர் கூடுதலாக அமர்ந்தால் உருளல் தடை மட்டுமே சற்றுக் கூடும். மலையிலோ 250 கிலோ கூடுதல் எடை ஒவ்வொரு ஏற்றத்திலும் மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோலைக் கேட்கிறது. ஆயினும் இதிலிருந்து தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. நான்கு பேர் தனித்தனிக் காரில் ஏறுவதைவிட ஒரே காரில் ஏறுவதே பெருஞ்சிக்கனம். கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் மலையேறும் பெண்களைச் சுமந்துசெல்லும் ஜீப்புகளின் பொருளாதாரமே இதுதான். அவற்றில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் வழக்கம் பல உயிர்களைப் பலிவாங்கியிருக்கிறது என்பதையும் மறத்தற்கில்லை. ஓர் ஆளுக்கான எரிபொருள் செலவு குறைகிறது என்ற காரணம் அதனை நியாயப்படுத்தாது. போதிய பேருந்துகள் இருந்தால் அந்தக் கணக்கே எழாது.

இனி இறக்கத்தைப் பார்ப்போம். வளைவுகள் நிறைந்த சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும் காரின் உருளல் தடையும் காற்றுத் தடையும் சேர்ந்து 135 நியூட்டன். சரிவு தள்ளுவதோ 350. மிகுதியை எஞ்சினும் பிரேக்கும் விழுங்கியாக வேண்டும். ஏறும்பொழுது சேர்த்த 8.8 மெகாஜூலில் 3.4 மட்டுமே காரை நகர்த்தப் பயன்படுகிறது. ஐந்தில் மூன்று பங்கு வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. கணவாய் கடனைத் திருப்பித் தருகிறது, மலை தருவதில்லை. மின்சாரக் கார்கள் இறக்கத்தில் மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி இந்த ஆற்றலில் கணிசமான பகுதியை மின்கலத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்கின்றன. மலைநாட்டிற்கு அவை பொருத்தமானவை என்று கூறுவதற்கு வலுவான காரணம் இதுவே. ஆனால் மலையுச்சியில் மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்குபவருக்கு இந்த ஆதாயம் கிட்டாது. சேர்த்துவைக்க இடமிருக்காது.

நியூட்ரல் என்னும் மயக்கம்

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு உருண்டு செல்வது பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கார்புரேட்டர் கார்களின் காலத்தில் இதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய கார்களில் இது முற்றிலும் தவறு.

எரிபொருளை மின்னணு முறையில் பீச்சும் இன்றைய எஞ்சினில், கியர் பொருந்திய நிலையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எரிபொருள் பீச்சப்படுவதே நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. செலவு சுழியம். நியூட்ரலில் தள்ளினாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் வரை எரிந்துகொண்டே இருக்கும். அதாவது, உயிரைப் பணயம் வைத்து உருண்டு இறங்குபவர் பெட்ரோலையும் கூடுதலாகவே செலவிடுகிறார். எஞ்சினின் பிடிப்பு இல்லாததால் மொத்தச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக் சூடேறி, அதன் பிடிப்புத் தளர்ந்து, கடைசி வளைவுகளில் கைவிடக்கூடும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவருக்கு பிரேக்கிற்கும் ஸ்டியரிங்கிற்கும் கிடைக்கும் இயந்திர உதவியும் போய்விடுகிறது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் கூறும் விதி, பாதுகாப்பிற்காக ஏற்பட்டது. பின்வந்த தொழில்நுட்பம் அதனைச் சிக்கன விதியாகவும் ஆக்கிவிட்டது.

அம்பாசடர் காலமும் இன்றும்

1950களின் இறுதியிலிருந்து 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடரும், பியட் வழிவந்த பிரீமியர் பத்மினியும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒரு தலைமுறைக்கு இந்தச் சாலைகளின் கார்களாக விளங்கின. ஒரு டன்னுக்கும் அதிக எடையுள்ள அம்பாசடர் சமவெளியிலேயே லிட்டருக்குப் பத்துக் கி.மீ. அளவில்தான் தந்தது. மலையில் அதற்கு மற்றோர் இடரும் இருந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று மெலிந்தாலும் அது பெட்ரோலை முன்போலவே கலக்க முனைவதால், கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு செறிவாகிவிடும். எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியேறும். கோடை நாளில் எஞ்சின் சூட்டால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவதும், ஓட்டுநர் இறங்கிப் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவதும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அக்காலப் பயணத்தின் பிரிக்கவியலாத காட்சிகள்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, முக்கால் டன்னுக்கும் குறைந்த எடையும் 796 கன செ.மீ. எஞ்சினும் கொண்டு இந்நிலையை மாற்றியது. எடைக் குறைப்பின் ஆற்றலை இந்தியர்களுக்கு உணர்த்திய கார் அதுவே எனலாம். 2000ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் கடுமையாக்கப்பட்டபொழுது கார்புரேட்டர் விடைபெற்றது. இன்றைய எஞ்சின் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலைப் பீச்சுகிறது. உயரம் அதனை ஏமாற்றுவதில்லை. ஆனால் மெலிந்த காற்றால் எஞ்சினின் வலிமை குறைவதை அதனாலும் தடுக்க இயலாது. டர்போ பொருத்திய எஞ்சின்களுக்கே அதில் பெரும்பாலும் விலக்கு. மற்றவற்றில் ஓட்டுநர் ஒரு கியர் கீழே இறங்கி எஞ்சினைச் சுழலவிட வேண்டியுள்ளது. திணறும் எஞ்சினை உயர்ந்த கியரில் வைத்து முழுமையாக மிதிப்பது சிக்கனமாகாது. அந்நிலையில் எஞ்சினைக் காப்பதற்காகக் கலவை தானே செறிவாக்கப்படுகிறது.

சிறு காரணங்கள்

டயர் காற்றைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. நான்கு டயர்களிலும் சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருள் செலவு நூற்றுக்கு 0.2 பங்கு அளவே கூடும். ஐந்து பவுண்டு குறைந்தாலும் ஒரு விழுக்காடுதான். டயரின் ஆயுளும் மலை வளைவுகளில் பிடிப்பும் கெடுவதே பெரிய இழப்பு. பாலக்காட்டின் வெயிலிலிருந்து மூணாற்றின் குளிருக்குச் செல்லும்பொழுது காற்றழுத்தம் குறைந்துவிடுமோ என்ற ஐயம் சிலருக்கு உண்டு. வெப்பநிலை 20 பாகை தாழ்ந்தால் மூன்று பவுண்டு குறைவது உண்மையே. ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவாதலால் அளவுமானியில் இரண்டு பவுண்டுக்குமேல் திரும்பக் கிடைத்துவிடும். இரண்டும் அநேகமாக ஈடாகிவிடுகின்றன.

குளிர்ந்த எஞ்சின் அதைவிடக் கவனிக்கத்தக்கது. சனவரி மாதத்தில் மூணாற்றின் அதிகாலை உறைநிலையை நெருங்கும். அப்பொழுது எஞ்சின் எண்ணெய் தடித்திருக்கும், கலவையும் செறிவாக்கப்படும். மூன்று நான்கு கிலோமீட்டரில் முடியும் பயணங்களில் எஞ்சின் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. எஸ்டேட்டுக்குள்ளேயே சுற்றும் கார்கள் ஒருபோதும் நல்ல மைலேஜ் தராததற்கு இதுவும் காரணம்.

குளிர்சாதனம் சிறு காரின் செலவைப் பத்து விழுக்காடு அல்லது அதற்கு மேலும் கூட்டலாம். பெரிய எஞ்சினுக்குச் சிறு சுமையாக இருப்பது சிறிய எஞ்சினுக்குப் பெருஞ்சுமை. பாலக்காட்டின் பங்குனி வெயிலில் அதனை நிறுத்தச் சொல்வது அறிவுரையாகாது. போடிமெட்டின் பாதி ஏற்றத்திற்குமேல் குளிர்காற்று தானே வரும்பொழுது நிறுத்திவிடலாம். கூரைமேல் பொருத்தும் சாமான் சட்டம் காற்றுத் தடையைக் கூட்டுகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பயணிகளின் கார்களில் ஏறும் அச்சட்டம், சீசன் முடிந்தபின் கழற்றப்படாமல் பங்குனி வரை காலியாகவே ஊர்சுற்றுவதைக் காணலாம். சுற்றுலாப் பருவத்தில் மூணாற்று நெரிசலில் எஞ்சினை அணைக்காமல் அரைமணி நேரம் நின்றால் மூன்றில் ஒரு லிட்டர் போய்விடும். பாலக்காட்டிலிருந்து கோவை ஏறிவருவதற்கான கூடுதல் செலவும் அதே அளவுதான்!

சாலையும் இக்கணக்கில் உண்டு. திருச்சூர்ச் சாலையில் குதிரான் மேட்டின் ஏற்றமும் நெரிசலும் ஓட்டுநர்களை நெடுங்காலம் வாட்டின. 2021இலும் 2022இலும் திறக்கப்பட்ட இரட்டைச் சுரங்கப்பாதை அந்த ஏற்றத்தையே நீக்கிவிட்டது. சரக்கு, சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் வாளையாற்று வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரி வரிசைகள் சுருங்கியதால், அவற்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த சிறு கார்களும் பயனடைந்தன. மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான சாலை அகலப்படுத்தப்பட்டதும் அத்தகையதே. வேகத்தை அடிக்கடி இழந்து மீட்க வேண்டியதில்லை என்பதே அதன் எரிபொருள் ஆதாயம்.

எல்லைக்கு அப்பால் மலிவு

பெட்ரோலுக்குச் சரக்கு, சேவை வரி கிடையாது. மாநிலங்களே விற்பனை வரி விதிக்கின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்பு நிதிக்காக 2 ரூபாய் கூடுதலாக விதித்தது. இதனால் எல்லையின் தமிழகப் பக்கத்துப் பங்குகளில் கேரளப் பதிவெண் கொண்ட கார்கள் நிரப்பிச் செல்வது வழக்கமாகிவிட்டது.

வேறு வேலையாக எல்லை கடந்தவர் நிரப்பிக்கொண்டால் ஆதாயமே. அதற்கென்றே செல்வது வேறு செய்தி. வேறுபாடு லிட்டருக்கு 5 ரூபாய் என்றும், வாங்குவது 30 லிட்டர் என்றும் கொண்டால் மிச்சம் 150 ரூபாய். வாளையாற்றுக்கு அருகே குடியிருப்பவருக்கு இது சரி. பூப்பாறையிலிருந்து போடிக்கு இறங்கி மீண்டும் ஏறுபவருக்கோ, ஏற்றத்திற்கு மட்டுமே இரண்டு லிட்டர் செலவு. மிச்சம் முழுவதும் வழியிலேயே கரைந்து, கையிலிருந்தும் போகும்.

அறிவிக்கப்பட்ட எண்ணும் கிடைக்கும் எண்ணும்

விற்பனை விளம்பரங்களில் காணும் மைலேஜ் சாலையில் அளந்ததன்று. ஆய்வகத்தில் உருளைகளின்மேல் காரை நிறுத்தி, நிர்ணயிக்கப்பட்ட வேக வரிசைப்படி ஓட்டி அளந்தது. அந்த வரிசையில் வேகம் மணிக்கு 90 கி.மீ.ஐத் தாண்டுவதில்லை, ஏற்றமும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. ஒரு காரை மற்றொரு காருடன் ஒப்பிட அது பயன்படும். போடிமெட்டில் என்ன கிடைக்கும் என்று அறிய அது உதவாது.

தனிப்பட்ட காருக்கு அன்றி, ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரிக்கு அரசு வரம்பு விதித்துள்ளது. 2017இல் நடைமுறைக்கு வந்த முதற்கட்ட வரம்பு கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு. 2022இல் வந்த இரண்டாம் கட்டத்தில் 113 கிராம். பெட்ரோல் கணக்கில் இவை முறையே லிட்டருக்குச் சுமார் 18 கி.மீ., 21 கி.மீ. நிறுவனத்தின் கார்களின் சராசரி எடைக்கேற்ப இந்த வரம்பு சற்றுத் தளர்த்தப்படுவதும் உண்டு. எடையைக் குறைப்பவருக்கு வரம்பும் இறுகுகிறது என்பதால், சிறு கார்களைத் தயாரிப்போர் இதில் மனக்குறை கொள்வதில் நியாயம் இருக்கிறது.

2025ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டிற்கும் அதிகமாக இறக்குமதி செய்யும் நாட்டிற்கு இது அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தும். அதேவேளையில், ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலவையற்ற பெட்ரோலோடு ஒப்பிடக் கலவையின் ஆற்றல் 7 விழுக்காடு குறைவு. பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், புதிய கலவைக்கேற்பச் சீரமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் மைலேஜ் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கையே கூறியுள்ளது. பழைய மாருதியை வைத்துப் பிழைப்பவர் தமது கணக்குப் புத்தகத்தில் இதனைத் தனியே குறித்துக்கொள்வது நன்று.

லாக் புத்தகத்தில் என்ன எழுதுவது

அலுவலகக் கார்களுக்கு ஒரு லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்று ஓர் எண்ணை நிர்ணயித்து, அதற்குக் குறைந்தால் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்பது எங்கும் உள்ள நடைமுறை. சமவெளியில் சோதித்துப் பெற்ற எண்ணைத் தேவிகுளத்திற்கும் பீர்மேட்டிற்கும் ஓடும் காருக்கு வைத்தால், நேர்மையான ஓட்டுநரும் பெட்ரோல் திருடியவராகத் தோன்றுவார். மேலே கண்ட கணக்குப்படி 1,000 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு சிறு காருக்கு 1.1 லிட்டர் கூடுதல் அளிப்பது சலுகை அன்று, இயற்பியல். இறக்கத்தில் கிடைக்கும் மிச்சத்தை அதிலிருந்து கழிப்பதும் நியாயமே. 25 கி.மீ. இறக்கத்தில் எரிபொருள் பெரும்பாலும் செலவாவதில்லை என்பதை நிர்வாகமும் அறிந்திருக்க வேண்டும். ஓட்டுநரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அளவிடும் முறை எளிது. டாங்கை விளிம்புவரை நிரப்பாமல், குழாய் தானே நிற்கும் அளவில் நிரப்பி, தூரமானியைக் குறித்துக்கொண்டு, 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓடியபின் இயன்றவரை அதே பங்கில், அதே குழாயில் மீண்டும் நிரப்ப வேண்டும். ஒருவழிப் பயணத்தை மட்டும் அளப்பது இப்பகுதியில் பொருளற்றது. லாக் புத்தகத்தில் தூரமும் லிட்டரும் எழுதும் இரு பத்திகளோடு, சென்ற வழி, ஏறிய ஆட்கள், மாதம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதி ஓராண்டு வைத்திருந்தால், போடிமெட்டுக்கு ஓர் எண், குமுளிக்கு ஓர் எண், வாளையாற்றுக்கு ஆடியில் ஓர் எண், தையில் ஓர் எண் என்று அந்தந்த அலுவலகமே தனக்குரிய அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம்.